வடகரையிலிருந்து ஒரு டிரம்மர்

எங்கள் குழுவின் டிரம்மர் பாண்டி துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். கோயில் கொடைத் திருவிழா மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கீபோர்டு வாசிக்கும் பரமசிவன் அண்ணாச்சிதான் செண்பகம் இன்னிசைக் குழுவின் தலைவர். அவர் ஒரு ரிதம் மெஷினை வாங்கிக்கொண்டு வந்து, "இனிமே டிரம்மரே வேண்டாம். இது லீவு கேக்காது, பிரியாணி கேக்காது" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

இலத்தூர்க் கொடையில் அந்த மெஷினை நம்பி மேடை ஏறினோம். இரண்டாவது பாட்டிலேயே நான் சரணத்தைக் கொஞ்சம் தள்ளி எடுத்துவிட்டேன். பாண்டியாக இருந்தால் ஒரு உருட்டு உருட்டி என்னைச் சேர்த்துப் பிடித்திருப்பான். மெஷின் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். முன்வரிசைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பகலில் பள்ளிக்கூட அலுவலகத்தில் ரசீது போட்டுவிட்டு ராத்திரியில் பாடுகிறவள் நான். மறுநாள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் தென்காசியில் எங்கள் ஒத்திகை அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நல்ல உயரம், ஒல்லி. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"டிரம்மர் வேணும்னு கேள்விப்பட்டேன்" என்றாள்.

"யாருக்கும்மா? தம்பி வாசிக்கானா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நான்தான் அண்ணாச்சி வாசிக்கேன். வடகரை. பேரு சந்தனமாரி."

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். சரி, உட்காரட்டும் என்று கையைக் காட்டினார். பாண்டி விட்டுப் போன டிரம்ஸின் முன்னால் அவள் உட்கார்ந்து, ஸ்டூலைத் தாழ்த்தி, கால் பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள். அண்ணாச்சி வேண்டுமென்றே வம்பு செய்தார். வேகமாகத் தொடங்கி, நடுவில் குறைத்து, திடீரென்று வேறு பாட்டுக்குத் தாவினார். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு கூடவே போனாள். ஒரு இடத்தில் அண்ணாச்சியின் விரல்தான் இடறியது. அவள் சிம்பல் தட்டை லேசாகத் தட்டிக்கொண்டு, அவர் தாளத்துக்குத் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். அவர் வந்து சேர்ந்ததும் ஒரு அடி பலமாக விழுந்தது. "வாங்க" என்று சொன்னது போலவே இருந்தது.

அண்ணாச்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ரிதம் மெஷினை அன்றைக்கே அதன் அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

மாரி டிரம்ஸ் கற்றுக்கொண்ட கதையைப் பிறகு ஒத்திகைகளுக்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்குப் பேண்டு வாத்தியக் குழுவில் சின்ன டிரம்மைத் தோளில் மாட்டி அடித்திருக்கிறாள். அதோடு நின்றிருக்க வேண்டியது. அவள் அப்பா ஆறுமுகநயினாருக்கு வடகரையில் கொஞ்சம் வயலும் தென்னையும் உண்டு. மகளைப் போலீஸாக்கிவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. விடியற்காலையில் மைதானத்துக்கு ஓடப் பழக அனுப்புவார். எழுத்துத் தேர்வில் அவள் தேறவில்லை. தேறாததில் அவளுக்கு வருத்தமும் இல்லை. தேங்காய் போட்டு வைக்கும் கொட்டகையில் காலி பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்து வைத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறாள். அப்பா வயலுக்குப் போகும் நேரம்தான் அவளுடைய வகுப்பு நேரம். தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தாள்.

பகலில் அந்த வேலையும் உண்மையாகவே இருந்தது. ராத்திரிக் கச்சேரிதான் பொய். "ஓவர் டைம்" என்று சொல்லிவந்தாள்.

முதல் போஸ்டருக்கே தகராறு. 'பெண் டிரம்மரின் அதிரடி' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும், டிரம்ஸை மேடையின் முன்னால் கொண்டுவர வேண்டும் என்றார் அண்ணாச்சி.

"டிரம்ஸ் பின்னாலதான் இருக்கணும் அண்ணாச்சி. எல்லார் முதுகையும் நான் பாக்கணும். முதுகப் பாத்தாத்தான் மூச்சு எங்கன எடுக்காங்கன்னு தெரியும்" என்றாள் மாரி. "போஸ்டர்ல என் பேரும் ஊரும் போடுங்க. அது போதும்."

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். 'டிரம்ஸ்: வடகரை சந்தனமாரி' என்று போஸ்டர் வந்தது. அந்த ஊர்ப் பெயர்தான் வினையாயிற்று. கடையத்தில் கச்சேரி. விதை நெல் விஷயமாகக் கடையம் வந்த ஆறுமுகநயினார் பஸ் நிலையச் சுவரில் மகளின் பெயரைப் படித்துவிட்டார்.

அன்று இரவு கச்சேரி தொடங்கிச் சற்று நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பாடிக்கொண்டிருந்த எனக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் தாளம் ஒரு நொடி நடுங்கியதை உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். மாரியின் முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து மேடைக்கு வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே அவள் நினைத்தாளாம். அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு மேடைக்குப் பின்னால் வந்தார். நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.

"கடைசிப் பாட்டுல தாளத்த விட்டுக் கொஞ்சம் ஓடிட்டட்டி" என்றார்.

மாரி தரையைப் பார்த்தபடி, "ஆமாப்பா. ஒங்களப் பாத்த பயத்துல" என்றாள்.

நாங்கள் டிரம்ஸைக் கழற்றி மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய டிரம்மை வேனில் ஏற்ற ஆள் போதாதபோது ஒரு பக்கம் பிடித்தார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வடகரைக்குப் போனார். அதற்காக அவர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. ஊரில் யாராவது "மக என்ன செய்யுதா?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்றுதான் பல வருடம் சொல்லிவந்தார்.

இடையில் மாரிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். இசக்கி, பட்டாளத்தில் இருப்பவர், நல்ல மனிதர். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போயிற்று. மாரிக்கும் பிடித்திருந்தது. லீவில் வந்திருந்தபோது எங்கள் ஒத்திகை அறைக்கே வந்து, பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கைதட்டினார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "நல்லாத்தான் அடிக்க மாரி. கல்யாணத்துக்குப் பொறவு வேண்டாம், என்ன? எங்க ஆள்கள் ஒரு மாதிரி பேசுவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார்.

"நீங்க பட்டாளத்த விடுவீங்களா?" என்று கேட்டாள் மாரி.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "விடமாட்டேன்" என்றார்.

"அப்ப ஒங்களுக்கே தெரியும்லா."

அந்தக் கல்யாணம் நின்றுபோனது. ஒரு மாதம் ஆறுமுகநயினார் மகளோடு பேசவில்லை. மாரியும் எங்களிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒருநாள் ஒத்திகையில் ஒரு காதல் பாட்டின் நடுவே அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "விட்ட எடத்துலேர்ந்து எடுங்கக்கா" என்றாள். எடுத்தேன். வேறு என்ன செய்ய?

முஃபீத் வந்தது அதற்கு அடுத்த குற்றாலச் சாரல் பருவத்தில். தென்காசிக்காரன். கிட்டார் வாசிப்பவன். பல வருடம் உல்லாசக் கப்பலில் பயணிகளுக்கு ஜாஸ், ப்ளூஸ் என்று அமெரிக்க இசை வாசித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். குற்றாலத்தில் ஒரு விடுதியில் மாலை நேரங்களில் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து மெல்லிய இசை வாசிக்க வேண்டும் என்று அதன் மேலாளர் உமாதேவி அவனிடம் கேட்டிருந்தார். அவன் மாரியையும் என்னையும் கூப்பிட்டான்.

முதல் நாளே உமாதேவி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "என்னம்மா இது, சாப்பிடுத ஆளுக சட்னியக் கொட்டிட்டாங்க! மெல்ல அடிக்க முடியாதா?"

மாரிக்கு மெல்ல அடிக்கும் பிரஷ் கிடையாது. மறுநாள் வடகரையிலிருந்து தென்னை ஈர்க்குகளைச் சீவி, நுனி விரியும்படி கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். தோலின் மேல் அதை வட்டமாகத் தேய்த்தாள். மழை ஓட்டின் மேல் பெய்வது போல ஒரு சத்தம் வந்தது. முஃபீத் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"நூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவுல ஈ அடிக்கிற மட்டைய வெச்சு இதத்தான் செஞ்சாங்க மாரி" என்றான்.

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் இதே பேச்சுதான். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் என்றொரு ஊர். அங்கே கறுப்பின மக்களின் சாவு ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக் குழு போகும். போகும்போது மெதுவாக, துக்கமாக. புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டமும் பாட்டமுமாக.

"திரும்பும்போது எதுக்கு ஆட்டம்?" என்று மாரி கேட்டாள்.

"இருக்கவங்க இருக்கணும்லா" என்றான் முஃபீத்.

அந்தத் தெருக் குழுக்களில் பெரிய டிரம்முக்கு ஒரு ஆள், சின்ன டிரம்முக்கு ஒரு ஆள் இருப்பார்களாம். நடன அரங்குகளுக்குள் வாசிக்கப் போனபோது அத்தனை பேருக்கு இடம் போதவில்லை. காலால் மிதித்து அடிக்கும் பெடல் வந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடிக்கத் தொடங்கினான். அப்படிப் பிறந்ததுதான் மாரி முன்னால் இருக்கும் இந்த டிரம்ஸ். பிறகு இசைத்தட்டு வந்தபோது வேறொரு சிக்கல். பெரிய டிரம்மை அடித்தால் ஒலிப்பதிவு ஊசி துள்ளிவிடும். அதனால் டிரம்மரிடம் வெறும் மரக்கட்டையையும் மணியையும் தட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

"அடிச்சவங்க பேரு என்ன?" என்றாள் மாரி.

"கொஞ்ச பேர் பேரு தெரியும். நெறைய பேரு தெரியாது. தட்டுல பாட்டுக்காரங்க பேருதான் இருக்கும்."

மாரி அந்தப் பழைய பதிவுகளை முஃபீத்தின் போனிலிருந்து தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். வடகரை பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் எனக்கும் ஒரு பக்கத்தை மாட்டிவிட்டாள். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவது போன்ற இரைச்சல். அதற்குள் யாரோ ஒரு பெண் பாடுகிறாள். அவளுக்கும் பின்னால், எங்கோ தூரத்தில், டக்கு டக்கென்று ஒரு மரக்கட்டை.

"கேக்குதாக்கா? எல்லாத்தையும் புடுங்கிட்டு ஒரு கட்டைய மட்டும் குடுத்துருக்காங்க. அதுலயும் அந்த ஆள் ஆடுதான் பாருங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. சொந்தத்தில் ஒரு ஆள் பெரிய பரீட்சையில் பாஸானது போல இருந்தது.

ப்ளூஸில் ஒரு வரியை இரண்டு தடவை பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முஃபீத் எனக்குக் கற்றுத் தந்தான். ஆங்கிலம் என் நாக்கில் சரியாக உட்காரவில்லை. அதனால் நானே ஒன்று கட்டினேன்.

'கடைசி பஸ்ஸும் போயிட்டு, காத்தும் மழையும் கூட இருக்கு.
கடைசி பஸ்ஸும் போயிட்டு, காத்தும் மழையும் கூட இருக்கு.
நடந்து போனா வீடு வரும், நடக்கத்தான் யாரு இருக்கா?'

விடுதிக்கு வந்த மலையாளிகள்கூட இதை ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மாரி அந்தப் பாட்டை எப்போதும் நடையாகத்தான் அடிப்பாள். நனைந்துகொண்டே ஒருவர் அவசரப்படாமல் நடந்து போவது போல. முஃபீத் இன்னும் வேகம் வேண்டும் என்று சண்டை போடுவான். "நடக்கவன் ஓடுவானா? நீ பாட்டக் கேளு" என்று முடித்துவிடுவாள்.

இப்படி இரண்டு சாரல் போனது. மூன்றாவது வருடம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில், முஃபீத்தும் சேர்ந்த எங்கள் முழுக் குழுவுக்கும் கச்சேரி. மாலை ஐந்து மணிக்குத் தொடக்கம். மலையில் மழை வலுத்து அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க வந்த கூட்டம் அத்தனையும் ஈரத் துண்டோடு எங்கள் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். கீழே இறங்க ஒரே படிக்கட்டு. பாதுகாப்புக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி, இரண்டு கான்ஸ்டபிள்களோடு அந்தப் படிக்கட்டு வாசலில் நின்றார்.

நான்காவது பாட்டில் கரண்ட் போனது. மைக் செத்தது, கீபோர்டு செத்தது, முஃபீத்தின் கிட்டாரும் செத்தது. ஜெனரேட்டர் வந்துவிடும் என்று காத்திருந்தோம். வரவில்லை. கீழே தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர் முழுகியிருந்தது எங்களுக்குத் தெரியாது. மேகம் இருட்டிக்கொண்டு வந்ததால் மண்டபத்துக்குள் முகமே சரியாகத் தெரியவில்லை. அப்போது படிக்கட்டுப் பக்கம் யாரோ கத்தினார்கள்.

"வெள்ளம் உள்ள வந்துட்டு! ஓடுங்க, கட்டடம் இடியப் போவுது!"

கட்டடம் இடியவில்லை. இடியும்படியான வெள்ளமும் அது இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதை யார் யோசிப்பார்கள்? நாற்காலிகள் சரிந்தன. பிள்ளைகள் அலறின. மொத்தக் கூட்டமும் ஒரே படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தது. வேல்விழி கையை விரித்து நின்று, "மெல்ல! மெல்ல!" என்று கத்தியது அவர் வாயசைவில்தான் எனக்குத் தெரிந்தது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் பின்னால் டிரம்ஸ் தொடங்கியது.

முதலில் எனக்கு மாரியின் மேல் கோபம்தான் வந்தது. அவள் வேகமாக அடித்தாள். கூட்டம் ஓடும் அதே வேகம். இன்னும் விரட்டுகிறாளே என்று திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, கூட்டத்தின் முதுகைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். பெரிய டிரம்மின் அடி அந்தப் பழைய மாடியின் மரத்தளத்தின் வழியாக என் உள்ளங்காலில் ஏறியது. ஓடுகிறவர்களின் காலிலும் அது ஏறியிருக்க வேண்டும். ஏனென்றால் சற்று நேரத்தில் தடதடவென்ற ஓட்டம் அவள் அடியோடு சேர்ந்து ஒரே சத்தமாகிவிட்டது.

அப்புறம் அவள் குறைத்தாள். யாருக்கும் தெரியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக. ஓட்டம் விறுநடையாயிற்று. விறுநடை நடையாயிற்று. இப்போது வேல்விழியின் குரல் கேட்டது. அவருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு பலத்த அடிக்கும் கையை அசைத்து, "நாலு பேரு... அடுத்த நாலு பேரு..." என்று படியில் இறக்கினார். நான் மேடையிலிருந்து குதித்து, பிள்ளைகளை வைத்திருந்தவர்களைச் சுவரோரம் நிறுத்தினேன். முஃபீத் சரிந்த நாற்காலிகளை இழுத்து வழியை ஒழித்தான். பரமசிவன் அண்ணாச்சி போனின் விளக்கைப் போட்டுப் படிக்கட்டின் மேல் பிடித்தார்.

பாதிக் கூட்டம் இறங்கியிருக்கும். வாசலருகில் ஒரு பெண் புடவை தடுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் வந்தவர்கள் பார்க்கவில்லை, நடந்துகொண்டே இருந்தார்கள். நான் "ஐயோ" என்றேன்.

மாரி அடியை நிறுத்தினாள்.

இரண்டு குச்சியையும் தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மொத்த மண்டபமும் ஒரு கணம் கால் தூக்கியபடி நின்றது. அந்தக் கணம் போதுமானதாக இருந்தது. வேல்விழி குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். ஒரு கான்ஸ்டபிள் அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தினார். மாரி திரும்பவும் தொடங்கினாள், நிறுத்திய அதே நடையில்.

எல்லோரும் இறங்கும்வரை அவள் விடவில்லை. கீழே சாலையில் முழங்கால் அளவுத் தண்ணீர். கயிறு கட்டி மேட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். ஒரு பெரியவருக்குக் கணுக்கால் பிசகியது. அதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. மண்டபம் காலியான பிறகும் அவள் அடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"போயிட்டாங்களாக்கா?"

"எல்லாரும் போயிட்டாங்க மாரி. விடு."

குச்சியை அவளால் விட முடியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

"மொதல்லயே மெதுவா அடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"யாரும் கேட்டுருக்க மாட்டாங்க. ஓடுதவங்க கூட நாமளும் கொஞ்ச தூரம் ஓடணும்லா. அப்புறம்தான் நில்லுன்னு சொல்ல முடியும்" என்றாள். பிறகு என் மடியில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

மறுநாள் பேப்பரில் போலீசாரின் துரித நடவடிக்கையால் விபத்து தவிர்க்கப்பட்டது என்று வந்தது. இசைக்குழுவினரும் உதவினர் என்று ஒரு வரி. எனக்கு ஆத்திரம். மாரி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கள்லா, வேற என்னக்கா வேணும்?" என்றாள். அவள் அதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வேல்விழிக்கு அப்படித் தோன்றவில்லை போலும். அடுத்த வாரம் சீருடையிலேயே வடகரைக்குப் போய்விட்டார். நானும் அன்று மாரியின் கைக்கட்டை மாற்ற அங்கே போயிருந்தேன். போலீஸ் ஜீப் வந்து நின்றதும் தெருவே எட்டிப் பார்த்தது. ஆறுமுகநயினார் என்னவோ ஏதோ என்று துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, உக்காருங்க. ஒங்க மகளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் வேல்விழி. நடந்ததை அவர்தான் முழுதாகச் சொன்னார். வீட்டில் மாரி, வழுக்கி விழுந்து கை உரிந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். "அன்னைக்கு நான் கத்துன கத்து எவனுக்கும் கேக்கல. இவ அடிச்சது கேட்டுது. இல்லன்னா எத்தன பொணம் எண்ணியிருப்பேனோ" என்றார்.

ஆறுமுகநயினார் மகளின் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு, "இவளப் போலீஸாக்கணும்னு நெனைச்சேம்மா" என்றார்.

"போலீஸுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு அண்ணாச்சி. இந்த வேலைக்குத்தான் ஆள் இல்ல."

வேல்விழி காபி குடித்துவிட்டுப் போனார். மாரியின் கை ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்குள் முஃபீத், விடுதியில் எடுத்த வீடியோக்களைத் தன் பழைய கப்பல் குழுவின் தலைவருக்கு அனுப்பியிருந்தான். கோவாக்காரர், பேஸ் கிட்டார் வாசிப்பவர். ஒருநாள் அவர் மாரியை வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசிக்கச் சொன்னார். மாரி கடைசி பஸ் பாட்டின் அந்த நடையையே வாசித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், எப்போது கப்பலேறுகிறாய் என்று மட்டும் கேட்டார்.

மாரி ஒரு வாரம் குழம்பினாள். கடலையே அவள் திருச்செந்தூரில்தான் பார்த்திருக்கிறாள். தனக்காக இல்லாமல் அப்பாவுக்காகத்தான் தயங்கினாள். கடைசியில் ஆறுமுகநயினாரே ஒத்திகை அறைக்கு வந்தார். முஃபீத்திடம், "கப்பல்ல பொம்பளப் பிள்ளைக்குத் தனி ரூம் குடுப்பாங்களாப்பா? சோறு கெடைக்குமா?" என்று விசாரித்தார். கெடைக்கும் என்றான். "அப்ப போய்ட்டு வரட்டும். இங்கன இருந்து என்ன, வாளியத்தான தட்டிட்டு இருந்தா" என்றார். கொட்டகையில் நடந்த வகுப்பு அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்திருக்கிறது!

அவளை வழியனுப்பத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நாங்கள் ஒரு வேன் நிறையப் போனோம். பரமசிவன் அண்ணாச்சி அழுதார். இப்போது மாரி மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலில் இருக்கிறாள். ஐந்து நாட்டு ஆட்களோடு ஜாஸ் வாசிக்கிறாள். அங்கும் மேடையின் பின்பக்கம்தான் அவளுக்கு இடம். என் கடைசி பஸ் பாட்டை அந்தக் குழுவின் பாடகிக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் 'மழை' என்பதை 'மளே' என்று பாடுகிறாள். பரவாயில்லை, தாளம் சரியாக இருக்கிறது.

போன வாரம் செங்கோட்டை போகும் வழியில் வடகரையில் இறங்கினேன். டீக்கடையில் ஆறுமுகநயினார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கேரளாவுக்குத் தேங்காய் ஏற்றிப் போகும் லாரி டிரைவர் ஒருவர். வெளியூர்க்காரர். பேச்சுவாக்கில், "பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"ஒரே மக. கப்பல்ல வேலை பாக்கா."

"கப்பல்லயா! என்ன வேலை?"

கடையில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆறுமுகநயினார் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"டிரம் அடிக்கா" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.